விமான இருக்கைகளுக்கான மோதல் சோதனைக் கூடம்: புதிதாக வடிவமைக்க வருபவர்களுக்கு

ஓடுபாதையைத் தாண்டி ஓடி நிற்கும் விமானம், சக்கரம் இறங்காமல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கும் விமானம் போன்ற விபத்துகளில் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதற்கு இருக்கை தரையை விட்டுப் பெயரக் கூடாது. உட்கார்ந்திருப்பவருக்கு நினைவு தப்பும் அளவுக்குத் தலையில் அடிபடக் கூடாது. தீயும் புகையும் சூழ்வதற்குள் அவர் தன் காலால் எழுந்து வெளியேற முடிய வேண்டும். ஓர் இருக்கை இதையெல்லாம் செய்யுமா என்று விமானத்தை உடைக்காமலே கண்டுபிடிக்கும் இடம்தான் ஸ்லெட் சோதனைக் கூடம். ஸ்லெட் என்பது இருக்கையைச் சுமந்து தண்டவாளத்தில் ஓடும் மேடை. பொறியியல் படித்துவிட்டு இத்துறைக்குள் புதிதாக வருபவர்கள், இப்படியொரு கூடத்தை எந்த வரிசையில் யோசித்து அமைக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

விதி என்ன கேட்கிறது

பெரிய பயணிகள் விமானங்களுக்கு, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் விதி 25.562தான் அடிப்படை. 1988இல் இது வந்தது. அதற்கு முன் இருக்கைகளுக்கு நிலையான சுமைச் சோதனை மட்டுமே இருந்தது. முன்னோக்கி 9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 9 மடங்கு) அளவுக்கு இழுத்துப் பார்ப்பார்கள். 2009 அக்டோபர் 27 முதல் தயாரான விமானங்களை அமெரிக்க விமான நிறுவனங்கள் பயணிகள் சேவையில் ஓட்ட வேண்டுமானால், அவற்றின் இருக்கைகள் 25.562ஐ நிறைவேற்றியாக வேண்டும். ஐரோப்பாவின் சிஎஸ்-25 விதியும் அதே எண்ணைத் தாங்கி அதையே கேட்கிறது. நிலையான சுமைச் சோதனை இன்றும் உண்டு. அதற்கு ஹைட்ராலிக் சிலிண்டர்கள் பொருத்திய ஒரு எஃகுச் சட்டகம் போதும். கூடத்தின் ஒரு மூலையை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

25.562 கேட்கும் மோதல் சோதனைகள் இரண்டு. முதலாவது, கீழ்நோக்கிய மோதல்: விமானத்தின் மூக்கு 30 டிகிரி கீழே சாய்ந்த நிலையில், குறைந்தது 14 ஜி உச்சம், நொடிக்கு 10.67 மீட்டர் வேகமாற்றம், உச்சத்தை எட்ட அதிகபட்சம் 0.08 நொடி. இரண்டாவது, முன்னோக்கிய மோதல்: இருக்கையை 10 டிகிரி பக்கவாட்டில் திருப்பி வைத்து, குறைந்தது 16 ஜி, நொடிக்கு 13.41 மீட்டர் வேகமாற்றம், உச்சத்தை எட்ட அதிகபட்சம் 0.09 நொடி. இந்த இரண்டாவது சோதனையில் இன்னொரு நிபந்தனையும் சேரும். மோதும் முன்பே, இருக்கையின் கால்களைப் பூட்டும் தரைத் தண்டவாளங்களில் ஒன்றை நீளவாக்கில் 10 டிகிரி சாய்த்து, மற்றதை அதன் அச்சில் 10 டிகிரி முறுக்கிவிட வேண்டும். விபத்தில் விமானத்தின் தரையும் நெளியும் என்பதால் இந்த ஏற்பாடு.

சிறிய விமானங்களின் விமானி இருக்கைக்கு முன்னோக்கி 26 ஜியும், ஹெலிகாப்டருக்குக் கீழ்நோக்கி 30 ஜியும் வரும். பிற்பாடு இந்த வேலைகளையும் எடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அடித்தளம் போட்ட பிறகு மனம் மாறினால் செலவு தாங்காது.

முதலில் பல்ஸ், பிறகுதான் கட்டிடம்

இடம் பார்ப்பதற்கும் கட்டிட வரைபடம் போடுவதற்கும் முன் ஒரு காகிதத்தில் 16 ஜி பல்ஸை, அதாவது மோதலின்போது முடுக்கம் நேரத்தோடு ஏறி இறங்கும் கோட்டை, வரைந்துகொள்ளுங்கள். இரு பக்கமும் சமமான முக்கோணம். 90 மில்லிநொடியில் உச்சம், 180 மில்லிநொடியில் முடிவு. அதன் பரப்பே வேகமாற்றம்: பாதி × 16 × 9.81 × 0.18, அதாவது நொடிக்கு 14.1 மீட்டர். விதி கேட்கும் 13.41ஐவிட இது சற்றுக் கூடுதல். அந்தச் சிறு இடைவெளி உங்களுக்குத் தேவைப்படும்.

அடுத்து நகர்வு. சமச்சீரான முக்கோணம் என்பதால் சராசரி வேகம் பாதி, 7.07ஐ 0.18ஆல் பெருக்கினால் 1.27 மீட்டர். மோதல் முழுவதும் இந்த ஒன்றேகால் மீட்டருக்குள் நடந்து முடிந்துவிடும். ஆனால் அந்தத் தூரம் சமமாகப் பிரிவதில்லை. ஓடிவந்து நிற்கும் ஸ்லெட்டில் முதல் 90 மில்லிநொடிக்குள் 1.06 மீட்டர் போய்விடும். உச்ச விசை அங்கேதான் வரும். மிச்சமுள்ள 21 சென்டிமீட்டரில் நொடிக்கு 7 மீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நின்றாக வேண்டும். பிரேக்கை வடிவமைக்கும் புதியவர்கள் பலர், நேரத்தில் முக்கோணமாக இருப்பது தூரத்திலும் முக்கோணமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த பிரேக்கில் உச்சம் சீக்கிரம் வந்து, வால் நீண்டு, பல்ஸ் உருக்குலைந்துபோகும்.

மூன்றாவதாக நிறை. மூவர் இருக்கை ஒன்று சுமார் 35 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 77 கிலோ டம்மிகள் (மனித வடிவச் சோதனைப் பொம்மைகள்) மூன்று, 231 கிலோ. தரைத் தண்டவாளத்தை முறுக்கும் அமைப்பு, விசையை அளக்கும் லோட் செல்கள், ஸ்லெட்டில் ஏறும் கேமராக்கள், ஸ்லெட்டின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து 1,800 கிலோவைத் தொடுவது சாதாரணம். 16 ஜியில் இதை நிறுத்த 283 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 29 டன் விசை வேண்டும். விழுங்க வேண்டிய ஆற்றல் 180 கிலோஜூல். விசையை 20 ஜிக்கும் சற்று மேலே கணக்கிட்டு அடித்தளத்தையும் போல்ட்டுகளையும் வடிவமைப்பது நல்லது. ஸ்லெட் கனக்கக் கனக்க எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் எடைக்கு ஓர் உச்சவரம்பு எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு தாங்கியும் சேரும்போது கழித்துக்கொண்டே வாருங்கள்.

நிறுத்துவதா, உதைப்பதா

ஸ்லெட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்லெட்டை மெதுவாக வேகமெடுக்க வைத்து, முனையில் பிரேக்கால் சட்டென நிறுத்துவார்கள். மற்றதில் ஸ்லெட் அசையாமல் நிற்கும். பிஸ்டன் ஒன்று அதைப் பின்னோக்கி உதைக்கும். உட்கார்ந்திருக்கும் டம்மிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிறுத்தும் வகை எளிமையானது, விலையும் குறைவு. கம்பிகளை உருளைகளுக்கிடையே இழுத்து வளைக்கும் பிரேக் பழைய, நம்பகமான முறை. ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய மாறாத விசையைத் தரும். ஸ்லெட் நகர நகர எந்த இடத்தில் எத்தனை கம்பிகள் சேர வேண்டும் என்று அடுக்கினால் பல்ஸின் வடிவம் கிடைத்துவிடும். அலுமினியத் தேன்கூட்டுக் கட்டிகளையும் படிப்படியாக வெட்டிப் பயன்படுத்தலாம். இதன் குறை, டம்மி அசைவது. நொடிக்கு 14 மீட்டர் வேகத்தை அரை ஜியில் எட்ட 20 மீட்டர் ஓட வேண்டும். அதன்பின் டம்மி அமைதியாக 5 முதல் 7 மீட்டர் வரை சும்மா உருள விட வேண்டும். வேகமெடுக்கும் தூரத்தை மிச்சப்படுத்தலாம் என்று ஒன்றரை ஜி கொடுத்தால், டம்மி முதுகுச் சாய்மானத்தில் அழுந்தி, வேகமெடுப்பது நின்றவுடன் துள்ளி முன்னே வரும். மோதும் கணத்தில் அது எங்கே இருந்தது என்பதே கேள்விக்குறியாகிவிடும். ஆக, பிரேக்கையும் சேர்த்து 35 மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்குங்கள்.

உதைக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. டம்மியை எப்படி உட்கார வைத்தீர்களோ அப்படியே சோதனை தொடங்கும். சர்வோ ஹைட்ராலிக் கட்டுப்பாடு இருந்தால் பல்ஸைக் கணினியிலேயே மாற்றிக்கொள்ளலாம். இங்கே மேலே சொன்ன தூரக் கணக்கு தலைகீழாகும்: முதல் 21 சென்டிமீட்டரில் உச்சம், பிறகு 1.06 மீட்டர். உதைத்து முடித்தபின் ஸ்லெட் 14 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதை 1 ஜிக்குள் நிறுத்த இன்னொரு 10 மீட்டராவது வேண்டும். பிரேக்கைச் சீக்கிரம் பிடித்துவிட்டால் டம்மியின் பின்துள்ளல் கெட்டுப்போகும். மேலும், 283 கிலோநியூட்டனின் எதிர்விசை அப்படியே தரைக்குள் போகும். 200 டன், அதாவது 83 கனமீட்டர் கான்கிரீட் கட்டியை அதிர்வு தாங்கிகளின் மேல் தனியாக மிதக்க விட்டால், அது நொடிக்கு 13 சென்டிமீட்டர் வேகத்தில் பின்வாங்கி மெல்ல நிற்கும். பக்கத்து அறையின் அளவுகோல் கருவிகள் ஆடாது.

கார் சோதனைக்கான ஸ்லெட் ஏற்கெனவே இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம். கார் பல்ஸ் உச்சம் கூடியது, நேரம் குறைந்தது. விமானப் பல்ஸ் நீளமானது. ஆகவே பிஸ்டனின் நகர்வு 1.27 மீட்டருக்கு மேல் போகிறதா என்பதையும், முறுக்கும் அமைப்பின் எடையைத் தாங்குகிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முதலீட்டுக்கு வழியிருந்தால் எங்கள் பரிந்துரை உதைக்கும் வகைதான். டம்மியின் தொடக்க நிலையைப் பற்றிய வாக்குவாதமே எழாது.

தண்டவாளமும் முறுக்கும் அமைப்பும்

ஸ்லெட் ஓடும் தண்டவாளத்தில் மோதல் நடக்கும் பகுதியில் மட்டுமாவது இணைப்பு வரக் கூடாது. சிறு படி இருந்தாலும் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரில் அது ஊசிமுனைபோல் எகிறும். பிறகு அதை வடிகட்டியில் மறைப்பதா, விளக்கம் எழுதுவதா என்று திண்டாட வேண்டிவரும்.

ஸ்லெட்டின் மேல் உட்காரும் முறுக்கும் அமைப்புதான் இந்தக் கூடத்தின் இதயம். இரண்டு கனத்த எஃகு விட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் உண்மையான விமான இருக்கைத் தண்டவாளத் துண்டு. ஒரு விட்டம் மேலும் கீழும் சாயும், மற்றது தன் அச்சில் உருளும். திருகு ஜாக்கியோ ஹைட்ராலிக்கோ கொண்டு திருப்பிவிட்டு, பின் இரும்பு முளைகளால் இறுகப் பூட்ட வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். மோதலின்போது விட்டம் அரை டிகிரி திரும்பிக்கொண்டாலும் சோதனை செல்லாது. முறுக்கிய பின் இருக்கையின் கால்களிலும் இணைப்புகளிலும் ஏராளமான விசை அடைபட்டிருக்கும். டம்மியைச் சரிசெய்யப் போகிறவர் அந்தக் கால்களின் நேர்கோட்டில் முகத்தை வைக்கக் கூடாது என்பதை எழுதி ஒட்டி வையுங்கள். காயங்களை மட்டும் அளக்கும் சோதனைக்கு இந்த முறுக்கல் தேவையில்லை. கட்டமைப்பின் உறுதியைப் பார்க்கும் 16 ஜி சோதனைக்கே தேவை.

ஒவ்வொரு காலுக்கும் கீழே மூன்று அச்சு லோட் செல் வையுங்கள். எந்த அளவில் வாங்குவது என்பதற்கு ஒரு கணக்கு: இருக்கையும் மூன்று டம்மிகளும் 266 கிலோ, 16 ஜியில் 42 கிலோநியூட்டன். இது தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 45 சென்டிமீட்டர் என்றால், பின்கால்களைப் பிடுங்கும் விசை மொத்தம் 50 கிலோநியூட்டன் அளவுக்கு வரும். 10 டிகிரி திருப்பம் இருப்பதால் இது இரண்டு பின்கால்களுக்கும் சமமாகப் பிரியாது. ஒன்று பெரும்பங்கைச் சுமக்கும். அதற்கு மேல் அதிர்வும் சேரும். எனவே ஒரு காலுக்கு 60 கிலோநியூட்டனுக்குக் குறைந்த செல் வாங்காதீர்கள்.

14 ஜி சோதனைக்குத் தனி ஆப்பு வடிவத் தாங்கி வேண்டும். கிடைமட்ட ஸ்லெட்டில் தரைப்பகுதி 60 டிகிரி எழுந்து நிற்கும். டம்மி கூரையைப் பார்த்தபடி ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும். புவியீர்ப்பு தப்பான திசையில் இழுப்பதால் கால்கள் விலகும், குஷன் அழுந்தாது. உண்மையில் உட்கார்ந்தால் குஷன் எவ்வளவு அமிழுமோ அதைச் சமதளத்தில் முன்கூட்டியே அளந்து, டம்மியை அதே இடத்துக்கு அழுத்திக் கொண்டுவந்து, இலேசில் அறுந்துவிடும் மெல்லிய நாடாவால் பிடித்து வைக்க வேண்டும். நாடா தடித்தால் முதுகுத்தண்டில் அளக்கும் விசையை அது திருடிவிடும். இதற்குப் பதில் 6 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்திலிருந்து விழும் கோபுரம் கட்டலாம். ஆனால் விழும்போது டம்மி எடையற்றுப் போய் குஷனிலிருந்து எழும்பிக்கொள்ளும். அந்தச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும்.

டம்மி: எதை வாங்குவது, எப்படி உட்கார வைப்பது

இங்கேதான் பணம் வீணாவது அதிகம். கார் சோதனையில் புழங்கும் ஹைபிரிட் 3 டம்மியின் இடுப்பு முதுகுத்தண்டு வளைந்தது. கார் இருக்கையில் சரிந்து உட்கார்வதற்கு ஏற்றது. விமானச் சோதனையில் இடுப்புத்தண்டின் அழுத்த விசையை அளக்க வேண்டும். அதற்கு நிமிர்ந்த முதுகுத்தண்டு வேண்டும். ஹைபிரிட் 2 அல்லது அதன் நேர்த்தண்டைப் பொருத்திய எஃப்ஏஏ ஹைபிரிட் 3, இவை இரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்து உட்காரும் இருக்கைகளுக்கு இஎஸ்-2ஆர்இ என்ற வேறு டம்மி.

வரம்புகளை மனப்பாடமாக வைத்திருங்கள். இடுப்புத்தண்டின் அழுத்தம் 6.67 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஒற்றைத் தோள்பட்டைப் பட்டியில் 7.78, இரட்டைப் பட்டியில் மொத்தம் 8.9. தொடையெலும்பு ஒவ்வொன்றிலும் 10. தலைக்காய அளவான ஹெச்ஐசி 1000. விமானச் சோதனையில் ஹெச்ஐசியை, தலை எதிலாவது இடித்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே கணக்கிட வேண்டும். கார்த் துறையிலிருந்து வரும் மென்பொருள் பெரும்பாலும் பல்ஸ் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அமைப்பை மாற்றாமல் அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

டம்மியை உட்கார வைக்கும் முறை இது. சோதனைக்கு முன் குறைந்தது 4 மணி நேரம் 19 முதல் 26 டிகிரி செல்சியஸ், 10 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் அது இருந்திருக்க வேண்டும். மார்பின் ரப்பரும் கழுத்தும் சூட்டில் இளகும் என்பதால் இதில் சலுகை கிடையாது. சென்னை, பெங்களூரு எங்கே கட்டினாலும் டம்மி அறைக்கும் ஸ்லெட் கூடத்துக்கும் ஒரே குளிர்சாதனக் கட்டுப்பாடு இருக்கட்டும். மூட்டுகளை, நீட்டிய கை தன் எடையைத் தானே மட்டுமட்டாகத் தாங்கும் அளவுக்கு இறுக்குங்கள். உடம்போடு ஒட்டிய பருத்தி உடை, காலில் ஷூ. முழங்கால்களுக்கிடையே 10 சென்டிமீட்டர், பாதம் தரையில் படிந்து, கைகள் தொடைமேல். பெல்ட்டை இறுக்கும்போது பலரும் கை பலத்தைக் காட்டிவிடுகிறார்கள். பெல்ட்டுக்கும் இடுப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இறுக்கமாக நுழைய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் டம்மி முன்னே போகும் தூரம் குறைந்து, தலை முன்சீட்டைத் தொடாமலே தப்பித்துவிடும். நிஜப் பயணி அப்படித் தப்பமாட்டார்.

அளவீடும் படப்பிடிப்பும்

சமிக்ஞைகளை எப்படி வடிகட்டுவது என்பதற்கு எஸ்ஏஇ ஜே211 தரத்தைப் பின்பற்றுங்கள். தலை முடுக்கத்துக்கு சிஎஃப்சி (அந்தத் தரம் வகுத்த வடிகட்டி வகுப்பு) 1000, இடுப்புக்கும் தொடைக்கும் 600, ஸ்லெட்டுக்கும் பெல்ட்டுக்கும் 60. தலைக்கே நொடிக்கு 10,000 மாதிரிகளாவது வேண்டும். 20,000 வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

ஸ்லெட்டின் ஆக்சிலரோமீட்டரை இருக்கைக் கால்களுக்கு அருகே, விறைப்பான இடத்தில் பொருத்துங்கள். ஓரத் தகட்டில் ஒட்டினால் தகட்டின் அதிர்வைத்தான் படிப்பீர்கள். இரண்டு வையுங்கள்; ஒன்று செத்தாலும் சோதனை பிழைக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முடுக்கத்தைத் தொகையிட்டு வரும் வேகத்தை, ஒளிக்கதிர் வாயிலில் அளந்த வேகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் சென்சாரின் சுழி நகர்ந்திருக்கிறது அல்லது அளவுத்திருத்தம் தவறு.

கேமரா நொடிக்கு 1,000 படம். அந்த வேகத்தில் ஸ்லெட் ஒரு படத்துக்கு 14 மில்லிமீட்டர் நகரும். ஷட்டர் 5,000இல் ஒரு பங்கு நொடியாக இருந்தால் மங்கல் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும். அதற்குத் தேவையான வெளிச்சத்தை எல்இடி விளக்கில் கொடுங்கள், பழைய ஹாலஜன் விளக்குகள் டம்மியைச் சுட வைத்துவிடும். பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று கட்டாயம். மோதல் தொடங்கும் கணத்தைக் காட்ட எல்லாக் கேமராக்களிலும் தெரியும்படி ஒரு ஃபிளாஷ் பல்பை வையுங்கள், அதே சமிக்ஞையைப் பதிவுக் கருவியிலும் சேருங்கள். இது இல்லாமல் படத்தையும் வரைபடத்தையும் இணைக்கவே முடியாது.

மக்கள் பாதுகாப்பு

அழுத்தம் ஏறிய பிறகு தண்டவாளப் பகுதியில் ஒருவரும் இருக்கக் கூடாது. கதவைத் திறந்தால் அழுத்தம் இறங்கிவிடும் வகையில் பூட்டு. உள்ளே போகிறவர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டே போகும் ஏற்பாடு. மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். ஓடும் திசையின் முடிவில் தடித்த சுவர். கழன்று பறக்கும் கைப்பிடியும் மேசைத் தட்டும் அங்கேதான் போய் விழும். 3 முதல் 5 டன் வரை தூக்கும் மேல்கிரேன் இல்லாமல் ஆப்புத் தாங்கியை மாற்ற முயலாதீர்கள்.

முதல் ஓட்டங்கள்

கூடம் தயாரானதும் இருக்கையோடு தொடங்க வேண்டாம். அதே எடையுள்ள இரும்புக் கட்டிகளை இறுகக் கட்டி, முதலில் 5 ஜி, பிறகு 10, பிறகு 16. பல்ஸ் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். அதன்பின் பழைய இருக்கையும் டம்மிகளும் ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். டம்மி முன்னே பாய்ந்து பெல்ட்டில் தொங்கும்போது ஸ்லெட்டின் மேல் விசை மாறும். இரும்புக் கட்டியில் அழகாக வந்த பல்ஸ் இப்போது நடுவில் குழி விழுந்ததுபோல் வளையலாம். கம்பிகளின் அடுக்கையோ சர்வோவின் கட்டளைக் கோப்பையோ இந்தக் கட்டத்தில்தான் திருத்த வேண்டும்.

உச்சத்தை 16.3க்கும் 16.8க்கும் நடுவில் குறிவையுங்கள். 15.9 வந்தால் இருக்கை தாங்கியிருந்தாலும் சோதனை செல்லாது. 18 வந்து இருக்கை உடைந்தால், அது விதி கேட்ட சுமையில் உடைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டிலுமே ஓர் இருக்கையும் ஒரு மாத உழைப்பும் போய்விடும்.

சான்றிதழ்ச் சோதனை எடுக்கத் தொடங்குவதற்கு முன் ஆய்வகத்துக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான உலகத் தரம்) அங்கீகாரம் வாங்குங்கள். சோதனைத் திட்டத்தை ஒழுங்குமுறை அமைப்பு முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வந்திருக்கும் இருக்கை வரைபடத்தின்படியே செய்யப்பட்டதா என்று அவர்களின் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அது ஸ்லெட்டில் ஏற வேண்டும். மோதிய பின் உடனே எதையும் தொடாதீர்கள். முதலில் படம், பிறகு பெல்ட் இடுப்பில்தான் இருக்கிறதா என்ற குறிப்பு, பிறகு பூட்டைக் கையால் திறந்து பார்த்தல். அடுத்து இருக்கையில் முன்பே குறித்து வைத்த புள்ளிகளை மறுபடி அளந்து, அது எவ்வளவு முன்னே, எவ்வளவு நடைபாதைப் பக்கம் சரிந்திருக்கிறது என்று எழுதுங்கள். தரைத் தண்டவாளத்தின் முறுக்கைத் தளர்த்துவது இவையெல்லாம் முடிந்த பிறகுதான். தளர்த்தினால் இருக்கை ஓரளவு நிமிர்ந்துகொள்ளும், அளவும் மாறிவிடும்.